நான் வெட்டிய மரவுரி

1

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு அன்பர் வந்திருந்தார். இங்கே ஃபிஜியில், நாண்டிக் கடற்கரை ஹோட்டலில் தங்கி, மீனுக்குப் பொரி போட்டு, படகில் போய், எல்லாம் முடிந்த பிறகு ஒரு தமிழர் வீட்டையும் பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். கோயில் ஆட்கள் அவரை லௌட்டோகாவுக்கு, என் வீட்டுக்கு, அனுப்பி வைத்தார்கள். தமிழர் வீடு பார்க்க வேண்டும் என்றால் இங்கே எல்லாரும் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். அது ஊரறிந்த விஷயம்.

என் மனைவி சரோஜா மரவள்ளிக்கிழங்கு வறுத்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் தின்றார். தேநீரையும் குடித்துவிட்டுக் கேட்டார்: "கரும்பு பார்த்தாச்சு, கடல் பார்த்தாச்சு. இந்த ஊர்ல கலை கிலைன்னு ஏதாவது உண்டா ஐயா?"

கலை என்று மட்டும் கேட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கூடவே ஒரு 'கிலை' போட்டார் பாருங்கள், அதுதான் குத்தியது. "உண்டு. அதுக்கு மேடை போட்டவன்தான் உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன்" என்றேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். டாக்ஸி வந்தது, போய்விட்டார்.

நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பதில் பாதியில் நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தாண்டியவர்கள் எல்லாரும் ஃபிஜியில் கலை வளர்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

2

நான் மன்னார்குடிப் பக்கத்து ஆள். சாரம் கட்டுவது தொழில். கோபுரத்தில் பொம்மை செய்கிற சிற்பியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அவர் நிற்கிற மூங்கிலைக் கட்டியவனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேசாவிட்டால் போகட்டும், விழாமல் இருந்தால் சரி. நான் கட்டிய சாரத்திலிருந்து இதுவரை ஒரு ஆள் விழுந்ததில்லை.

எழுபதில் இங்கே ஒரு கோயில் வேலைக்காக ஒன்பது பேர் வந்தோம். பெரிய சிற்பிதான் எல்லாருடைய படிவத்தையும் நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் ஒன்பது பேருக்கும் 'சிற்பி' என்றே எழுதிவிட்டார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று எழுத அவருக்குப் பொறுமை இல்லை. ஆக, உளியைக் கையால் தொடாத நான் அரசாங்கக் காகிதத்தில் இன்றைக்கும் சிற்பிதான். குடியுரிமை வாங்கப் போனபோது ஒரு அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, தன் மகளின் மார்பளவுச் சிலை செய்ய முடியுமா என்று கேட்டார். குழந்தை வளர்கிற பருவம், இப்போது செய்தால் சரியாக வராது என்று சொல்லித் தப்பித்தேன்.

எழுபத்திரண்டில் ஒரு பெரும் புயல் அடித்தது. கோபுர வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. அடுத்த புயலும் வரலாம் என்று வானொலியில் கேட்ட மூன்றாம் நாள் சிற்பிகள் எட்டுப் பேரும் விமானம் ஏறினார்கள். நான் ஏறவில்லை. துணிச்சல் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மை என்னவென்றால், சாரம் கோபுரத்தில் அப்படியே நின்றது. கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும், எந்த முடிச்சு எதைத் தாங்குகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். தெரியாதவன் கை வைத்தால் ஆள் போய்விடும். அவிழ்க்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் எனக்குச் சாப்பாடு அனுப்பிய வீட்டின் பெண்தான் சரோஜா.

அவளுடைய கொள்ளுத் தாத்தா கிர்மிட் ஒப்பந்தத்தில் வட ஆர்க்காட்டிலிருந்து கப்பலேறி வந்து கரும்பு வெட்டியவர். அவர் கொண்டுவந்த தமிழ் அப்படியே அந்த வீட்டில் இருந்தது. முதல் நாள் தூக்குச்சட்டியை நீட்டி, "இன்னாய்யா, மேலியே குந்திகினு இருக்கே, எறங்கி வந்து துன்னு" என்றாள். மன்னார்குடியில் வளர்ந்தவனுக்கு அது சண்டைக்கு இழுப்பது போலக் கேட்டது. இறங்கி வந்தேன். அதற்கப்புறம் ஏறவே இல்லை.

3

கல்யாணப் பந்தலை இங்கே ஷெட் என்பார்கள். இரும்புக் குழாய், தகரம், தார்பாய். நான் வரும்வரை அக்கம்பக்கத்தில் தகரம் இரவல் வாங்கி, சொந்தக்காரர்களே கோணல்மாணலாக நட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டி, ஓரத்தை அளவாக வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் கூரைத்துணி போடுவதை இந்த ஊருக்குக் காட்டியவன் நான். ரக்கிரக்கி வரை கூப்பிட்டார்கள். ஒரு தடவை சவுசவுவுக்குக் கப்பலில் குழாய் ஏற்றிக்கொண்டு போய்க் கல்யாணம் நடத்தினேன்.

அப்போது பழக்கமானவர்தான் ஜோனே மாஸ்டர். ஃபிஜிக்காரர், பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு வெள்ளிக்கிழமை என் சாமான் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, உன் கொட்டகைல வெளிச்சம் நல்லா இருக்கு."

"தகரம் ஓட்டை. அதான்."

"ஓட்டையை அடைக்காதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வந்து படம் போடறோம்."

நாலு பேர் என்றவர் பதினாலு பேரைக் கூட்டிவந்தார். மரத்தில் ஆமை செதுக்குகிற பஸ் டிரைவர், துணிக்கடைக் குஜராத்தி அம்மா, சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்க்கிறவர், வுனிமோனோவில் காய்கறி போட்டுக்கொண்டிருந்து மகள் வீட்டோடு வந்துவிட்ட ஒரு கிழவர். அவர் பஜனைப் பாட்டுக்கு டோலக் வாசிப்பார், படம் போடத் தெரியாது, ஆனால் வராமல் இருக்க மாட்டார். எல்லாரும் இந்தியில்தான் பேசுவார்கள், ஜோனேயும்தான். இந்த நாட்டு இந்தி தனி. வடநாட்டான் கேட்டால் தலை சுற்றும். தமிழனை அதில் மதராஜி என்பார்கள். ஆலை ஓடுகிற மாதங்களில் கரும்புச் சக்கையின் கரித்தூள் ஊர் முழுக்கப் பறக்கும். ஈர ஓவியத்தில் வந்து உட்காரும். கொதிகலன்காரரைப் பார்த்து, "உன் கையெழுத்து எல்லார் படத்திலும் இருக்கு பாய்யா" என்று கேலி செய்வார்கள்.

அந்தக் கொட்டகையிலிருந்து முளைத்ததுதான் எங்கள் ஊர்க் கலைச் சந்தை. வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள், கடலோரத் திடலில். படங்கள், பாய், மண்சட்டி, ஒரு பக்கம் கவாலி, ஒரு பக்கம் நம் ஆட்களின் தெருக்கூத்து. கூத்தாடுகிற பையன்களுக்குப் பாட்டின் அர்த்தம் தெரியாது, இந்தி எழுத்தில் எழுதி மனப்பாடம் பண்ணி ஆடுவார்கள். ஆட்டத்தில் குறை இருக்காது. மேடையும் ஷெட்டும் ஒவ்வொரு வருஷமும் என் பொறுப்பு. வாடகை கேட்டதில்லை. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைதான்.

4

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டாயிரத்தில், பிரதமர் இந்தியர் என்பது பிடிக்காத ஃபிஜிக்காரர் கூட்டம் ஒன்று திரும்பவும் ஆட்சியைக் கவிழ்த்தது. தலைநகர் சூவாவில் நாடாளுமன்றத்தில் ஆட்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள், இந்தியர் கடைகளை உடைத்து எரித்தார்கள். உள்நாட்டில் வீடு போன குடும்பங்கள் எங்கள் ஊரில் முகாம் போட்டு உட்கார்ந்தன. அவர்களுக்கும் ஷெட் போட்டவன் நான்தான்.

என் மகன் ஆனந்த் அப்போது சூவாவில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பார்த்தான். கடை உடைபட்டது. மறுவாரம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான், கூடவே மனைவியும் கைக்குழந்தையும். அந்த வருஷம் சந்தை நடக்கவில்லை. மறு வருஷம் நியூசிலாந்துப் படிவங்கள் மேஜைமேல் இருந்தன, எங்கள் இருவருக்கும் சேர்த்து. அவனுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. அவன் இந்தியில் சொல்வதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்கப்பா."

"எதுக்கு?"

"எல்லாரும் போறாங்க. குஜராத்தி ஆன்ட்டி போயாச்சு. உங்க டோலக் கிழவர்கூட சிட்னில இருக்கார்."

"போறவன் போகட்டும். அடுத்த மாசம் சந்தை இருக்கு."

அவன் சிரித்தான். "இந்த வருஷம் சந்தையா? யாருப்பா வருவா? அவங்க வருவாங்களா, இல்ல நாம போவோமா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. சொன்னேன்: "நடத்திக் காட்டறேன். ரெண்டு ஜனமும் ஒரே மேடைல உட்காரும். உட்காரலைன்னா நானே கையெழுத்து போட்டு உன் கூட விமானம் ஏறறேன். உட்கார்ந்தா, அதுக்கப்புறம் வாங்க வாங்கன்னு என்னைக் கூப்பிடவே கூடாது. சரியா?"

"சரி" என்றான் ஆனந்த். ஒரே வார்த்தை. சரோஜா அடுப்படியிலிருந்து, "இதுக்கெல்லாம் பந்தயம் கட்டுவாங்களா? நல்ல அப்பன், நல்ல புள்ள" என்றாள்.

ஜோனேயும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். அவர் என் ஜனங்களிடம் பேசினார், நான் அவர் ஜனங்களிடம் பேசினேன். எதிர்க்கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவன் வெட்கப்பட்டாவது திறப்பான் என்பது என் யோசனை. பாதிப் பேர் திறந்தார்கள்.

5

சந்தைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, தெற்குக் கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து எட்டுப் பெண்கள் பஸ்ஸில் வந்தார்கள். ஒரு பெரிய பாய்ச் சுருளை ஜோனேயிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர் எல்லையில் இருக்கிற ஃபிஜிக் கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போனார்கள். ஜோனே அதை என் கொட்டகையில் வைத்தார்.

"பத்திரம் மேஸ்திரி. நாளைக்கு வந்து பார்ப்பாங்க" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். மசி. மரப்பட்டையை ஊறவைத்து, கட்டையால் தட்டித் தட்டி மெல்லிசாக்கிச் செய்கிற துணி. நம் புராணத்தில் ரிஷிகள் உடுத்துவதாகச் சொல்வார்களே மரவுரி, அந்த வகைதான். வெள்ளையில் கறுப்பும் செம்பழுப்பும் அச்சுப் பதித்து, இருபத்திரண்டு அடி நீளம். நானும் எத்தனையோ துணி பார்த்தவன், கை வைக்கவே கூசியது. ஆனால் என் கை சும்மா இருக்கிற கை இல்லை.

மேடையின் பின்பக்கத்துக்கு நான் செய்திருந்த இரும்புச் சட்டம் பதினாறு அடி. வெள்ளிக்கிழமை காலையில் மசியை அதில் கட்டினேன். ஆறு அடி மிச்சம். தொங்கவிட்டால் அசிங்கம், மடித்தால் புடைக்கும். சரோஜாவின் தையல் கத்திரிக்கோலை எடுத்தேன்.

"இன்னாங்க இது, ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டக் கூடாதா?" என்றாள் அவள்.

"துணின்னா வெட்டத்தான். நேரா இழுத்துக் கட்டினதும் அவங்களே வாயைப் பிளப்பாங்க பாரு."

வெட்டினேன். சுருக்கம் இல்லாமல் பலகை மாதிரி நின்றது. மிச்ச ஆறு அடியை எறிய மனசில்லை. நம் ஊரில் சாமி புறப்பாட்டுக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் நடைபாவாடை விரிப்போம் இல்லையா? காலடியில் துணி விரிப்பது நமக்கு மரியாதை. அந்த எண்ணத்தில், விருந்தாளிகள் ஏறுகிற மேடைப் படியில் அதை விரித்து ஆணி அடித்தேன். பெண்கள் வந்து பார்க்கும்போது திகைக்க வேண்டும் என்று, ஜோனேயிடம்கூடச் சொல்லவில்லை.

நாற்காலி சுமந்த ஆட்கள் காலை முழுக்க அந்தப் படியில் ஏறி இறங்கினார்கள். ஆலை ஓடுகிற காலம், தரையெல்லாம் கரித்தூள்.

மத்தியானம் எட்டுப் பெண்களும் ஜோனேயோடு வந்தார்கள். முன்னால் நடந்தவர் லுசியானா. எழுபது வயது, பெரிய உடம்பு, நரைத்த சுருள்முடி, அவர்தான் தலைவி. "புலா மராமா!" என்று, அவர்கள் முறைப்படி 'வணக்கம் அம்மா' சொல்லிக் கையை விரித்தேன். "பாருங்க, எங்கயாவது ஒரு சுருக்கம் இருக்கா?"

அவர் சட்டத்தைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார். வெள்ளை மசியில் கறுப்புக் கறுப்பாகச் செருப்புத் தடம். புல்லில் உட்கார்ந்தார். மற்ற ஏழு பேரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், மேடைக்கு முதுகைக் காட்டி.

அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எப்படி அளவெடுத்தேன், எத்தனை ஆணி என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"மேஸ்திரி, வாயை மூடு" என்றார் ஜோனே.

அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் அப்படிப் பேசியதே இல்லை. என்னைக் கையைப் பிடித்து ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"அது சந்தைல காட்டறதுக்கு இல்ல. அவங்க ஊர்ப் பையன்கள் சில பேர் போன வருஷம் கடை உடைச்ச கூட்டத்துல இருந்தாங்க. அதுக்காக இந்தப் பொம்பளைங்க ஆறு மாசம் உட்கார்ந்து தட்டினாங்க. நாளைக்குத் திறப்பு நேரத்துல உங்க ஜனங்க முன்னால அதை வச்சு மன்னிப்புக் கேக்க வந்திருக்காங்க. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது, அதான் முறை. உனக்கும் சொல்லல."

ஷெட் ஓரமாக எட்டிப் பார்த்தேன். எட்டுப் பேரும் அப்படியே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"போயிடுவாங்களா?"

"சாயங்காலம் பஸ் இருக்கு" என்றார். "அவங்க போனா என் ஜனத்துல ஒருத்தர் நாளைக்கு வர மாட்டாங்க."

6

இங்கே மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தப்பு செய்தவன் பேசக் கூடாது. அவனுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். கையில் திமிங்கிலப் பல் வேண்டும். தங்கத்தைவிட உசத்தி அவர்களுக்கு. தப்பு செய்தவன் வாசலோரம், தாழ்ந்த பக்கம், தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அதுவரை மூச்சுவிடக் கூடாது.

"பேசாம உன்னால உட்கார முடியுமா?" என்று ஜோனே கேட்டார். கேலி இல்லை, நிஜமான சந்தேகம்.

பல்லுக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கும்போதே அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அவருடைய கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர்கள் கொடுத்தது. நார்க்கயிறு கட்டி, எண்ணெய் ஏறி, பழுத்த மஞ்சளாக இருந்தது. "இது எனக்காகவா?" என்றேன். "வாயை மூடிப் பழகு" என்றார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் தங்கியிருந்த வீட்டில் மூட்டைகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். நான் கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சரோஜா எனக்குப் பின்னால். ஜோனே இரண்டு கையிலும் பல்லை ஏந்திக்கொண்டு ஃபிஜி மொழியில் பேச ஆரம்பித்தார். நிறைய நேரம் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. நான் இந்த ஊருக்கு என்னென்ன செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்வார், அதையெல்லாம் ஒரு தட்டில் வைப்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இவன் அறியாதவன், இவனுக்காக நான் வெட்கப்படுகிறேன், என்றுதான் சொன்னார். என் நாக்கு துடித்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு கனமான வேலையை நான் செய்ததில்லை.

லுசியானா பல்லை வாங்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு எனக்குப் புரியட்டும் என்று இந்திக்கு மாறினார். உடைந்த இந்தி, ஆனால் தெளிவு.

"வெட்டினது ஒண்ணும் இல்ல. மசியே துண்டு துண்டா ஒட்டினதுதான். மாவு காய்ச்சினா ஒட்டிக்கும். மேல நடக்கறதும் உண்டு. பெரிய தலைவர் நடப்பார், கல்யாணப் பொண்ணு நடப்பா. யார் நடக்கணும்னு நாங்க சொல்லுவோம். நீ யாரை நடக்க விட்ட?"

ஜோனே திரும்பிப் பார்த்து, பதில் சொல்லலாம் என்று தலையசைத்தார். "எல்லாரையும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

லுசியானா பெருமூச்சு விட்டார். "நாங்க உங்க முன்னால குனியத்தான் பஸ் ஏறி வந்தோம். இந்த மதராஜி முந்திக்கிட்டான். இப்ப நாங்க எப்படிக் குனியறது?"

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து சரோஜா இந்தியில் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குனிஞ்சா மண்டைதான் முட்டும் மராமா. ஆளுக்கு ஒரு நாள் வச்சுக்கலாம். இன்னிக்கு இவரு, நாளைக்கு நீங்க."

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. லுசியானாவின் பெரிய உடம்பு குலுங்கியது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டிப் பல்லை வாங்கினார். எல்லாரும் கையைக் குழித்து ஒலியோடு தட்டினார்கள். நங்கோனா வேரை இடித்துக் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் முதல் கிண்ணம் எனக்குக் கொடுத்தார்கள். சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், நாக்கு மரத்துப்போகும். அன்றைக்கு அது மரத்துப்போனது நல்லதாகப் போயிற்று.

7

சனிக்கிழமை விடிந்ததும் பெண்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சரோஜா மரவள்ளி மாவில் பசை காய்ச்சினாள். முற்றத்தில் பாய் விரித்து, வெட்டிய இரண்டு விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பசை தடவித் தட்டினார்கள். ஒட்டிக்கொண்டது. ஒட்டின இடம் ஒரு விரல் அகலத்துக்குத் தடித்துத் தெரிந்தது. மசியைத் தண்ணீரில் அலச முடியாது, அதனால் கரித்தடம் போகவில்லை. நான் ரப்பர் வாங்கி வரவா என்று கேட்டேன். "விடு, அதுவும் இருக்கட்டும்" என்றார் லுசியானா.

திறப்பு விழாவுக்கு நினைத்ததைவிடக் கூட்டம். பொது மைதானத்தில் இரண்டு ஜனமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எட்டுப் பெண்களும் அந்த நீளத் துணியைத் தோளில் சுமந்து, குனிந்தபடி, மேடைக்கு முன்னால் வந்தார்கள். என் சட்டத்தில் கட்டவில்லை. புல்லில் விரித்தார்கள். லுசியானா மண்டியிட்டுப் பேசினார். ஜோனே அதை இந்தியில் சொன்னார். தங்கள் பிள்ளைகள் செய்ததைச் சொல்லி, எங்கள் ஜனங்களிடம் அந்த அம்மா மன்னிப்புக் கேட்டார்.

யார் ஏற்றுக்கொள்வது? சந்தைக் கமிட்டிக்காரர்கள் என்னைத்தான் தள்ளினார்கள். வேறு யாரைத் தள்ளுவார்கள்? பட்டு வேட்டியோடு எழுந்தேன். முந்தின நாள் அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் சேர்ந்து வந்தது. கால் மணி நேரம் பேசினேன். நாங்கள் ஏற்றுக்கொண்டோம், எங்கள் ஜனத்தில் ஒருவர் மனசிலும் இனி ஒரு துளி கசப்பு கிடையாது, நேற்றோடு முடிந்தது என்றேன். முகாமில் இருந்த பெண்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். கை தட்டல் ஓயவில்லை. ஆனந்த் ஒலிபெருக்கிப் பெட்டி பக்கத்தில் நின்றிருந்தான். பார்த்தாயா என்பது போல அவனைப் பார்த்தேன்.

ஞாயிறு சாயங்காலம் சந்தை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். வெயில் இன்னும் இருந்தது. ஆனந்த் கூட வந்து அடுக்கினான்.

"ஜெயிச்சிட்டீங்கப்பா" என்றான். "இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்."

"நீயும் போகாதே. பார்த்தேல்ல, எல்லாம் சரியாயிடுச்சு."

"அவங்க கேட்டாங்க. நீங்க சரின்னீங்க." நாற்காலியை மடக்கினான். "கடைக்குள்ள நின்னது நான்தானேப்பா."

"அதான் நேத்தோட முடிஞ்சு போச்சேடா" என்றேன்.

மிச்ச நாற்காலிகளை எல்லாம் அவனே அடுக்கினான். நாலு மாதத்தில் விசா வந்தது, குடும்பத்தோடு ஆக்லாந்து போய்விட்டான்.

8

சந்தை இன்றைக்கும் நடக்கிறது. ஜோனே மாஸ்டரும் லுசியானாவும் காலமாகிவிட்டார்கள். லுசியானாவின் பேத்திகள் மசியில் பர்ஸ் தைத்துக் கப்பல் பயணிகளுக்கு விற்கிறார்கள். கூத்துப் பையன்கள் பாட்டை இப்போது போனில் பார்த்துப் பாடுகிறார்கள். கலை உண்டா என்று கேட்ட சென்னை அன்பருக்கு இதுதான் என் பதில். இத்தோடு முடித்திருக்கலாம்.

முடிக்க முடியவில்லை. நாலாம் பகுதி எழுதும்போது, 'கடை உடைபட்டது' என்று எழுதிவிட்டு, எப்படி உடைபட்டது என்று இரண்டு வரி சேர்க்கலாம் என்று பார்த்தேன். பேனா நின்றுவிட்டது. எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள்? அவன் உள்ளே இருந்தானா, வெளியே ஓடினானா? அடித்தார்களா? அந்த ஒரு வாரம் எங்கே இருந்தான்? ஆயிரம் பேருக்கு முன்னால் அவனுக்கும் சேர்த்து மன்னித்துவிட்டு வந்தவன் நான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆனந்த் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாங்கப்பா என்று கூப்பிட்டதில்லை. அவன் அம்மாவைக் கூப்பிடுவான், அவள் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். அங்கே மழையா என்று நான் கேட்பேன், இங்கே வெயிலா என்று அவன் கேட்பான். பேத்தி ஆங்கிலத்தில் ஹலோ தாத்தா என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. கூப்பிட்டாலும் நான் போக மாட்டேன், அது வேறு. கூப்பிடலாம்.

போன ஞாயிறு போன் வந்தது. மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அன்னிக்குக் கடைல என்னடா நடந்தது?" என்றேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். டிவி ஓடுகிற சத்தம் கேட்டது, பேத்தி யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது.

"இருங்கப்பா," என்றான் ஆனந்த், "கதவைச் சாத்திட்டு வர்றேன்."

தமிழில் சொன்னான். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.